ஒரு வயதுக் குழந்தைக்குப் படுக்கைப்புண் வருமா? ஐசியூவிலிருந்து வந்த பிறகு பின்மண்டையில் கறுப்புத் திட்டு

பொங்கோல்_அம்மா
ஞாயிறு, இரவு 11.52

வணக்கம். வார்டிலிருந்துதான் எழுதுகிறேன். ஒரு கையில் போன், இன்னொரு கை மகளின் வயிற்றின்மேல், அதனால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு ஒரு வயது இரண்டு மாதம். சளியாக ஆரம்பித்தது நுரையீரல் தொற்றாக முற்றி, குழந்தைகள் ஐசியூவில் ஒன்பது நாள் இருந்தாள். அதில் ஆறு நாள் வாயில் குழாய், வெண்டிலேட்டர், மயக்க மருந்து. மூன்றாம் நாள் ரத்த அழுத்தம் இறங்கிப்போய் அதற்குத் தனி மருந்து ஓடியது, உடம்பெல்லாம் வீங்கி முகமே அடையாளம் தெரியவில்லை. குழாயை எடுத்த பிறகு இரண்டு நாள் மூக்கில் இறுக்கமான மாஸ்க். முந்தாநாள்தான் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள், எல்லாரும் மூச்சு விட்டோம்.

நேற்றுக் காலை ஈரத்துணியால் தலையைத் துடைக்கும்போது பார்த்தேன். பின்மண்டையில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு திட்டு. அந்த இடத்தில் முடி கொட்டிவிட்டது. சுற்றியிருக்கும் நிறத்தைவிடக் கறுப்பாக, நடுவில் ஊதா மாதிரி. தொட்டால் அழுகிறாள். மூக்குத்தண்டிலும் மாஸ்க் உட்கார்ந்த இடத்தில் தோல் உரிந்திருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு 'பிரஷர் இன்ஜுரி' (அழுத்தக் காயம்) என்றார், பெட் சோர் வகைதான் என்று மிஸி (தாதி) விளக்கினார். காயங்களுக்கென்றே இருக்கும் தாதி நாளை வந்து பார்ப்பாராம்.

படுக்கைப்புண் என்றாலே எனக்கு என் தாத்தா ஞாபகம்தான் வரும். பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தவர். பத்து கிலோகூட இல்லாத பிள்ளைக்கு ஒன்பதே நாளில் எப்படி? மாமியார் "திருப்பிப் படுக்க வைக்காம போட்டு வச்சிருக்காங்க" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்கிறார். கணவர் புகார் எழுத வேண்டும் என்கிறார். எனக்கோ யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை, ஏனென்றால் ஐசியூவில் ஒரு மிஸி ராத்திரி முழுக்க அவள் கட்டிலைவிட்டு நகராமல் நின்றதை நான் கண்ணால் பார்த்தேன்.

இது எதனால் வருகிறது, எந்தப் பிள்ளைகளுக்கு வரும், இன்னும் ஒரு வாரம் இங்கே இருக்க வேண்டும் என்கிறார்களே, வேறு இடத்தில் வராமல் நான் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்? அப்புறம் முடி திரும்ப வளருமா? (இதைக் கேட்கவே வெட்கமாக இருக்கிறது, பிள்ளை பிழைத்ததே பெரிசு.)

கிழக்குக்கரை_வாசி
திங்கள், காலை 7.10

முதலில் போட்டோ எடுத்து வையுங்கள், தேதியோடு. இரண்டாவது, எழுத்தில் புகார். ஐசியூவில் ஒரு பிள்ளைக்கு ஒரு தாதி என்று வைத்துக்கொண்டு, இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் போட முடியவில்லை என்றால் என்ன அர்த்தம்? பில் மட்டும் சரியாக வருகிறதல்லவா.

செம்பவாங்_பாட்டி
திங்கள், காலை 8.35

அழாதம்மா. சுத்தமான தேங்காய் எண்ணெயை லேசாகச் சூடு பண்ணி, அந்த இடத்தில் நாள் மூன்று வேளை நன்றாகத் தேய்த்துவிடு, ரத்த ஓட்டம் வந்து சரியாகிவிடும். தலைக்கடியில் கடுகுத் தலையணை வை. என் நான்கு பேரப்பிள்ளைகளுக்கும் அதில்தான் தலை உருண்டையாக வந்தது. தேக்காவில் கடுகு வாங்கி நீயே தைக்கலாம்.

27வார_அம்மா
திங்கள், காலை 9.20

பொங்கோல் அக்கா, என் மகன் 27 வாரத்தில் பிறந்தவன். அவனுக்கும் மூக்கில் வந்தது, இரண்டு துவாரத்துக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்னச் சதையில். மூச்சுக்குக் காற்று தள்ளும் கருவியின் முனை அங்கேதான் அழுத்தும். குறைமாதப் பிள்ளையின் மேல்தோல் இன்னும் சரியாக உருவாகியிருக்காது, டேப்பைப் பிரித்தாலே தோலோடு வரும் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் மாஸ்க்கையும் மூக்குக் குழாயையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள், ஒரே இடத்தில் அழுத்தம் விழாமல் இருக்க. இப்போது அவனுக்கு ஐந்து வயது, உற்றுப் பார்த்தால்தான் ஒரு சின்னக் கோடு தெரியும். கழற்றவே முடியாத சாமானால் வந்த காயம் அது, யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. தைரியமாக இருங்கள்.

ஜோகூர்_மிஸி
திங்கள், பிற்பகல் 3.05

தங்கச்சி, இரவு வேலை முடிந்து தூங்கி எழுந்து இப்போதுதான் பார்த்தேன். இருபது வருடத்துக்கும் மேலாகத் தாதி வேலை, அதில் ஏழு வருடம் குழந்தைகள் ஐசியூ. இப்போது வேறு பிரிவில் இருக்கிறேன், யாருக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை. உங்கள் மகளை நான் பார்க்கவில்லை, நேரில் பார்க்கிற தாதி சொல்வதைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் 'ஏன்' என்று கேட்டீர்களே, அதற்கு விரிவாகவே சொல்லலாம். கொஞ்சம் நீளமாகப் போகும்.

தாத்தாவுக்கு இடுப்பின் கீழே வந்திருக்கும், கொள்ளுப்பேத்திக்குப் பின்மண்டையில். அது தற்செயல் இல்லை. கைக்குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை ரொம்பக் கனம், பிறக்கும்போது மொத்த நீளத்தில் கால்வாசி தலையே இருக்கும். மல்லாக்கப் படுத்தால் அவ்வளவு எடையும் பின்மண்டையில் ஒரு சின்ன வட்டத்தில் இறங்கும், அங்கே எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் மெத்தை மாதிரி சதை எதுவும் கிடையாது. வளர்ந்த பிள்ளை என்றால் பெரியவர்கள் மாதிரி இடுப்பின் கீழும் குதிகாலிலும் வரும்.

வீட்டில் தூங்கும் பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள், தலைமாட்டில் போட்டால் கால்மாட்டில் எழுந்திருக்கும். அந்த உருளல்தான் தோலுக்குக் காவல். மயக்க மருந்து அதை நிறுத்திவிடுகிறது, தசையைத் தளர்த்தும் மருந்தும் சேர்ந்தால் ஒரு விரல்கூட அசையாது. வலிக்கிறது என்று அழவும் வழியில்லை, வாயில் குழாய். இதற்குமேல் உங்கள் மகளுக்கு ரத்த அழுத்தம் வேறு இறங்கியிருக்கிறது. அப்படி இறங்கினால் உடம்பு மூளையையும் இதயத்தையும் காப்பாற்றப் பார்க்கும், தோலுக்குப் போகிற ரத்தத்தைக் குறைத்துவிடும். அழுத்தத்தை ஏற்றக் கொடுக்கும் மருந்துகளில் சில ரத்தக்குழாய்களை இன்னும் சுருக்கும். ஆக மற்ற நாளில் இரண்டு மணி நேரம் தாங்குகிற தோல் அன்றைக்கு ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம். வீக்கம் இன்னொரு பக்கம், வீங்கிய தோல் மெலிந்து இழுபட்டு நிற்கும். முதல் நாள் அளவாக ஒட்டிய டேப்பும் கட்டிய பட்டையும் மூன்றாம் நாள் கயிறு மாதிரி இறுக்கும், யாரும் இறுக்கியிருக்க மாட்டார்கள், பிள்ளைதான் உப்பியிருக்கும்.

மூக்கில் வந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். பெரியவர்களுக்குக் கட்டில் அழுத்தி வருகிறது, பிள்ளைகளுக்கு வருவதில் பெரும்பங்கு உடம்பில் மாட்டியிருக்கும் சாமான்களால். மாஸ்க், மூக்குக் குழாய், உணவுக் குழாய், விரலில் மாட்டும் ஆக்சிஜன் பார்க்கும் சிவப்பு விளக்கு, டிரிப் ஏற்றக் கையில் செருகும் பிளக்கும் அதன் அடியில் வைத்துக் கட்டும் பலகையும், தொண்டைக் குழாயின் கழுத்துப்பட்டை, மாவுக்கட்டு, கழுத்துக் காலர். இன்னொன்று, சொன்னால் சிரிப்பீர்கள், ஊசி மூடி. பிள்ளையைத் திருப்பினால் முதுகுக்கடியில் ஊசி மூடியும் சின்ன பிளாஸ்டிக் கவ்வியும் பொம்மைக் காரும் கிடைக்கும், அந்த வடிவமே தோலில் அச்சாக இருக்கும்.

இந்த அபாயத்தை அளக்க ஒரு தாள் வைத்திருக்கிறோம். பிரேடன் அளவுகோல் என்று 1987ல் பெரியவர்களுக்காக வந்தது, 1996ல் அதைப் பிள்ளைகளுக்காக மாற்றி 'பிரேடன் கியூ' என்று கொண்டுவந்தார்கள். அசைவு, நடமாட்டம், உணர்ச்சி, ஈரம், உராய்வு, சாப்பாடு, ரத்த ஓட்டமும் ஆக்சிஜனும் என்று ஏழு விஷயம். ஒவ்வொன்றுக்கும் நான்கு புள்ளி, மொத்தம் 28. பதினாறோ அதற்குக் கீழோ வந்தால் அபாயம். அதில் பெரிய ஓட்டை என்னவென்றால் மாட்டியிருக்கும் சாமானை யாரும் எண்ணவில்லை. 2018ல் வந்த 'பிரேடன் கியூடி' அதையும் எண்ணுகிறது. அங்கே கணக்கு தலைகீழ், புள்ளி ஏற ஏற அபாயம், புது மிஸிகள் குழம்பிப்போவார்கள். உங்கள் மகளுக்கு எவ்வளவு புள்ளி, எதில் குறைந்தது என்று தாராளமாகக் கேட்கலாம். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்துக்கொண்டால் அது அவர்கள் பாடு.

இப்போது நம்மைப் பற்றி. பாடத்தில் "தோல் சிவந்திருக்கும், அழுத்தினால் வெளுக்காது" என்றுதான் முதல் நிலையைச் சொல்லிக் கொடுப்பார்கள். அது வெளிறிய தோலுக்குச் சரி. நம் பிள்ளைகளின் தோலில் சிவப்பு அவ்வளவு சுலபமாகத் தெரியாது, அழுத்தினால் வெளுப்பதும் தெரியாது, கொஞ்சம் கறுத்தோ ஊதாவாகவோ இருக்கும், அல்லது ஒன்றுமே தெரியாது. அதனால் கண்ணை நம்பாதீர்கள், கையை நம்புங்கள். உங்கள் விரலின் பின்பக்கத்தால் தொட்டு, பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ சில்லென்றோ இருக்கிறதா, கட்டியாக இருக்கிறதா, அல்லது ஊறின மாதிரி கொழகொழவென்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு காதைத் தொட்டால் மறு காதையும் தொட்டு ஒப்பிடுங்கள். தொட்டால் முகம் சுளிக்கிறாளா என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய சேதி, அவளுடைய சாதாரண அழுகை எது, வலி அழுகை எது என்று உங்களுக்குத்தான் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்த காயப் படங்கள் எல்லாமே வெள்ளைக்காரத் தோல்தான். முதல் தடவை கறுப்பான ஒரு பையனின் குதிகாலில் நானே தவறவிட்டேன், அவன் அம்மாதான் "இங்க மட்டும் கல்லு மாதிரி இருக்கு மிஸி" என்றார். இன்றுவரை மறக்கவில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. நம் பிள்ளைகள் நிறைய பேருக்கும், சீன, மலாய்ப் பிள்ளைகளுக்கும் பிறக்கும்போதே இடுப்பின் கீழே நீலச்சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய மச்சம் இருக்கும். அதை அழுத்தக் காயம் என்று நினைப்பதும் உண்டு, காயத்தை மச்சம் என்று விட்டுவிடுவதும் உண்டு. மகளுக்கு அப்படி இருந்தால் இன்றே சொல்லிக் குறிப்பில் எழுத வையுங்கள்.

பாட்டி, நீங்கள் பெரியவர், கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் தேய்ப்பது வேண்டாம். உள்ளே ஏற்கெனவே நசுங்கிய சதையைத் தேய்த்தால் இன்னும் நசுங்கும், அதிலும் எலும்பு முட்டும் இடத்தில் கூடவே கூடாது. எண்ணெய் பட்டால் மேலே ஒட்டும் கட்டும் நிற்காது. கடுகுத் தலையணையும் வேண்டாம். காயம் இருக்கும் மண்டைக்கு அது கரடுமுரடு, அப்படியே காயம் இல்லாவிட்டாலும் ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தூங்கும்போது தலையணையே கூடாது. நடுவில் ஓட்டை இருக்கும் வளையத் தலையணையும் அதே கதைதான், நடுவில் அழுத்தம் குறைகிற மாதிரி தெரியும், ஆனால் ஓட்டையின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி ரத்தத்தை நிறுத்தும். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைப்பதும் பழைய வழக்கம், இப்போது யாரும் செய்வதில்லை, செய்யவும் வேண்டாம்.

அடுத்த ஒரு வாரத்துக்கு: விரலில் மாட்டும் விளக்கைச் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை வேறு விரலுக்கோ காலுக்கோ மாற்றச் சொல்லுங்கள். பட்டை எதுவானாலும் அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். கட்டிலைத் தலைப்பக்கம் உயர்த்தியிருந்தால் பிள்ளை சறுக்கிச் சறுக்கிக் கீழே போகும், தோல் மெத்தையில் ஒட்டிக்கொள்ள எலும்பு மட்டும் இறங்கும், இந்த இழுப்பு வெறும் அழுத்தத்தைவிட மோசம். மூச்சுக்காக உயர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் முட்டிக்கடியில் கொஞ்சம் முட்டுக்கொடுக்கலாமா என்று கேளுங்கள். மேலே தள்ளும்போது தரதரவென்று இழுக்காமல் தூக்கித்தான் வைக்க வேண்டும். பேம்பர்ஸ் ஈரமாக இருந்தால் உடனே மாற்றுங்கள், ஈரத்தில் ஊறிய தோல் சீக்கிரம் கிழியும். வீட்டிலிருந்து கொண்டுவந்த தடித்த போர்வையை அவள் அடியில் விரிக்காதீர்கள், நல்ல மெத்தை கொடுத்திருப்பார்கள், அதன்மேல் நான்கு விரிப்பு போட்டால் மெத்தைக்கு வேலை இல்லை. புரதச்சத்து சேர்கிறதா என்று உணவியல் நிபுணரிடம் கேளுங்கள், ஐசியூவில் பரிசோதனைக்காக அடிக்கடி பாலை நிறுத்தியிருப்பார்கள், பிள்ளை இளைத்துத்தான் இருக்கும். டாக்டர் விட்டால் மடியில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்ல மெத்தை இந்த ஊரில் எந்தக் கடையிலும் இல்லை.

முடி பெரும்பாலும் வளரும். காயம் ஆழமாகப் போய்த் தழும்பு விழுந்தால்தான் அந்த இடம் வழுக்கையாகவே நிற்கும். வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லா அம்மாவும் கேட்பதுதான்.

கிழக்குக்கரை_வாசி
திங்கள், மாலை 6.48

மிஸி நன்றாக விளக்கினீர்கள், ஆனால் இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் வார்டுக்கு வந்த பிறகு அம்மாதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது? என் கேள்வி அதுதான். எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிக்கொண்டே போனால் யாரும் திருந்த மாட்டார்கள்.

ஜோகூர்_மிஸி
திங்கள், இரவு 8.15

நியாயமான கேள்வி. ஒன்று, ஆழத்தில் நசுங்கிய சதை மேலே நிறம் காட்டவே இரண்டு மூன்று நாள் ஆகும். ஐசியூவில் அடிபட்டது வார்டில் தெரியும், ஆறு மணி நேர அறுவை சிகிச்சை மேசையில் அடிபட்டது ஐசியூவில் தெரியும். கடைசியில் கையில் வைத்திருந்தவர் திட்டு வாங்குவார். 2016ல் அமெரிக்க நிபுணர் குழு 'அல்சர்' என்ற பெயரை 'இன்ஜுரி' என்று மாற்றியதற்கும் இதுதான் காரணம், மேலே புண்ணே இல்லாமல் உள்ளே காயம் இருக்கலாம்.

இரண்டு, எல்லாவற்றையும் தவிர்க்க முடியாது. சில பிள்ளைகளின் தலையை ஒரு பக்கம் திருப்பினாலே ரத்தத்தில் ஆக்சிஜன் எழுபது சதவீதத்துக்கு இறங்கும், அன்றைக்கு டாக்டரே தொடாதே என்பார். அப்போதும் தலையை உள்ளங்கையில் ஒரு நிமிடம் ஏந்திக் கொஞ்சம் இடம் மாற்றலாம், செய்தார்களா என்று நீங்கள் கேட்கலாம். ஐசியூவிலிருந்து மாற்றும்போது தலைமுடியை விலக்கிப் பார்த்தார்களா, குறிப்பில் என்ன எழுதினார்கள் என்றும் கேட்கலாம். கேட்டு எழுதுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தவறு எங்கே என்று தெரிந்துகொண்டு எழுதினால் அடுத்த பிள்ளைக்கு உபயோகப்படும் என்கிறேன்.

நீலச்சக்கரம்_அப்பா
திங்கள், இரவு 10.30

எல்லாரும் ஐசியூவைப் பற்றியே பேசுகிறீர்கள். ஐசியூவே பார்க்காத பிள்ளைகளுக்கும் வரும், சொல்லிவிட்டுப் போகிறேன்.

என் மகனுக்குப் பதினொரு வயது. முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்தவன், இடுப்பின் கீழே உணர்ச்சி கிடையாது. வலி தெரியாதது வரம் என்று ஒரு உறவினர் சொன்னார், அவரோடு அப்புறம் நான் பேசவில்லை. ஆறு வயதில் பாதத்தை நேராக்க அறுவை சிகிச்சை செய்து மாவுக்கட்டு போட்டார்கள். பையன் சிரித்துக்கொண்டு, டேப்லட்டில் விளையாடிக்கொண்டு இருந்தான். ஐந்தாம் நாள் ஒரு வாடை. கால் வாடைதான், சிங்கப்பூர் வெயிலில் வேர்க்காதா என்று நானே சொன்னேன். எட்டாம் நாள் காய்ச்சல். கட்டை வெட்டிப் பார்த்தால் குதிகாலில் எலும்பு வரை போன புண். ஆற ஏழு மாதம் ஆனது, ஒரு பள்ளி வருடமே போனது. வேறு எந்தப் பிள்ளையாக இருந்தாலும் முதல் நாளே கத்தியிருப்பான், இவனுக்குக் கத்தத் தெரியாது. வாடை என்று நான் போன் பண்ணிய அன்றைக்கு யாராவது வரச் சொல்லியிருந்தால்... சரி விடுங்கள், நானும் இரண்டாம் தடவை போன் பண்ணவில்லை.

அதற்கப்புறம் வீட்டில் ஒரு பழக்கம். குளித்து வந்ததும் குதிகால், கணுக்கால், உட்காரும் இடம் மூன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இப்போது அவனே கைப்பிடிக் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்கிறான். காலுக்குப் புதிய தாங்கி வந்தால் முதல் நாள் அரை மணி நேரம்தான், கழற்றியதும் தடம் இருபது முப்பது நிமிடத்தில் மறைய வேண்டும், மறையவில்லை என்றால் அடுத்த நாள் போடுவதில்லை, செய்தவரிடமே திருப்பிக் கொண்டுபோவோம். சக்கரநாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்குவது, பள்ளியில் மணி அடிக்கும்போதெல்லாம் செய்கிறான். இப்படிப்பட்ட பிள்ளை எதற்காவது மருத்துவமனையில் சேர்ந்தால், குடல்வால் அறுவை சிகிச்சையாகவே இருக்கட்டும், 'இவனுக்குக் கீழே உணர்ச்சி இல்லை' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் சொல்லுங்கள். நான் ஒரு அட்டையில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிடுவேன்.

27வார_அம்மா
திங்கள், இரவு 10.55

நீலச்சக்கரம் அண்ணா, அட்டை யோசனை அருமை. எங்கள் பிரிவில் ஒரு பிள்ளையின் இன்குபேட்டரில் "டேப்பை மெதுவாகப் பிரிக்கவும், நான் ரொம்பச் சின்னவன்" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள், ஞாபகம் வந்தது.

செம்பவாங்_பாட்டி
செவ்வாய், காலை 6.20

மிஸி சொன்னால் சரிதான், நான் எதற்குக் கோபிக்கப் போகிறேன். எங்கள் காலத்தில் தெரிந்ததைச் சொன்னேன். எண்ணெயைக் கையில் காலில் தடவலாமா, அதுவும் கூடாதா?

ஜோகூர்_மிஸி
செவ்வாய், காலை 7.40

நல்ல தோலில் லேசாகத் தடவலாம் பாட்டி. டேப், வயர் ஒட்டும் இடத்தை விட்டுவிட்டு. அழுத்தித் தேய்க்காமல்.

பொங்கோல்_அம்மா
11 நாள் கழித்து, சனி, மாலை 5.15

எல்லாருக்கும் நன்றி, பதில் போட இவ்வளவு நாள் ஆகிவிட்டது. நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம்.

காயத் தாதி அன்று பிற்பகலே வந்தார். மூக்கில் இருந்தது மேல்தோல் மட்டும், இரண்டாம் நிலை என்றார், மெல்லிய ஒட்டுத்துண்டு ஒன்றைப் போட்டுவிட்டார், ஒரு வாரத்தில் புதுத்தோல் வந்துவிட்டது, இப்போது வெறும் வெளிறிய தடம். தலையில் இருந்தது ஆழக் காயம் என்று சந்தேகப்பட்டார்கள், திறந்து கொண்டு பெரிதாகலாம் என்று முன்னாடியே எச்சரித்தார், நாங்கள் தினமும் பயந்தோம். நல்லவேளை, பொருக்கு கட்டி ஓரத்திலிருந்து உதிர ஆரம்பித்துவிட்டது. தலைக்கடியில் ஜெல் மாதிரி ஒரு மெத்தை கொடுத்தார்கள். பாதி நேரம் அவள் என் மடியில்தான்.

புள்ளி எவ்வளவு என்று கேட்டேன். ஐசியூவில் புள்ளி மிகக் குறைவாக இருந்த நாளில் பதினொன்று. 'அன்றைக்குத் தலையைத் திருப்பினோம், ஆக்சிஜன் இறங்கியதால் நிறுத்திவிட்டோம்' என்று நேரத்தோடு எழுதியிருந்தது, காட்டினார்கள். ஆனால் வார்டுக்கு மாற்றிய அன்று தோல் பகுதியில் வெறும் 'சரியாக உள்ளது' என்ற டிக். தலையை யாரும் பார்க்கவில்லை. கணவர் அந்த ஒரு விஷயத்தை மட்டும் எழுதிக் கொடுத்தார். இனிமேல் மாற்றும்போது இரண்டு பேர் சேர்ந்து பிள்ளையின் தலை முதல் கால் வரை பார்ப்பார்கள் என்று தாதியர் மேலாளர் கூப்பிட்டுப் பேசினார். நடக்கிறதா என்று தெரியாது, ஆனால் மன்னிப்புக் கேட்டார்.

கை விஷயம் உண்மைதான் மிஸி. நான்காம் நாள் பிளக் போட்ட கையில் பலகைக்கடியில் ஒரு இடம் சூடாக இருந்தது, கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. சொன்னதும் பிரித்துப் பார்த்தார்கள், பிளக்கின் பிளாஸ்டிக் முனை தோலில் குழி போட்டிருந்தது. பஞ்சு வைத்துத் திரும்பக் கட்டினார்கள், மறுநாள் சரியாகிவிட்டது.

அப்புறம் என் மாமியார். ஐசியூவில் உடம்பு வீங்கிய அன்று இடுப்பில் இருந்த அரைஞாண் கயிறு சதைக்குள் புதைந்துபோக, மிஸி கத்தரியால் வெட்டி ஒரு சின்னப் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். குலதெய்வக் கோயிலில் கட்டியது, இவர்கள் எப்படி வெட்டலாம் என்று மாமியாருக்கு அன்றிலிருந்து அந்த வருத்தம்தான் பெரிது, மற்றதெல்லாம் அதன்மேல் ஏறிக்கொண்டது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. மிஸி எழுதியதை அப்படியே அவருக்குப் படித்துக் காட்டினேன், வீக்கம், டேப், கயிறு எல்லாம். ஒன்றும் சொல்லவில்லை. நேற்று வீட்டுக்கு வந்ததும் புதுக் கயிறு எடுத்துக் கட்டினார், கட்டும்போது அடியில் தன் விரலை விட்டுப் பார்த்தார், ஒரு விரல் இல்லை, இரண்டு. இன்று காலை குளிப்பாட்டிவிட்டு மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடி இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.